பீரோ என்று வந்த மேசை

மகாஜனங்களே, நாற்காலியில் தொடங்கி இன்று மூவுலகையும் விற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட இணையக் கடையில், மகளின் சீர்வரிசைக்கு ஒரு பீரோ வாங்கினேன். இன்று அது கும்மிடிப்பூண்டிக்கு எழுந்தருளியது.

பிரித்தால், எழுதும் மேசை!

"இன்னாய்யா இது, பீரோ எங்க?" என்றேன்.

கொண்டுவந்தவர் பில்லைக் காட்டினார். "பீரோன்னுதான் சார் போட்டுக்குது. இங்கிலீஷ்ல இதுக்குப் பேரே அதானாம்."

பிரவுசிங் சென்டரில் படம் திறப்பதற்குள் ஒரு யுகம் முடிந்துவிடும் என்று, பெயரை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்தவன் நான்.

மனைவி எரிமலையானாள். "ஊரே இரும்பு உருக்குது, இங்கயே ஒரு பீரோ அடிக்கச் சொல்லாம நீ கம்ப்யூட்டர்ல பீரோ தேடிக்கினு இருந்தியா? நாளைக்கு சம்பந்தி கேட்டா இன்னா சொல்லுவே?"

எனக்கே குழப்பம்தான். "பீரோ வந்துடுச்சு சம்பந்தி" என்று சொன்னால் அது உண்மையா, பொய்யா? இன்று இரவுக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள்.