மூன்று விநாடி

சங்ககிரியில், லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் இணையதளம் நடத்துகிற சின்ன ஆபீஸில், தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிற வேலை எனக்கு. நான் எழுதி வைத்த டெஸ்ட் புரோகிராம் அரைமணிக்கு ஒருதரம் தானாகவே தளத்தைத் திறக்கும். மூன்று விநாடி காத்திருக்கும். பட்டியலில் முதல் லாரியை அழுத்தி புக் செய்து பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

அந்த வாரம் தினம் ஒரு சிவப்பு. திங்கள் ஒன்பது மணிக்கு, செவ்வாய் நாலரைக்கு, புதன் ஒன்றரைக்கு. கொஞ்சம் கழித்து நான் கையால் செய்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மெஷின் கெட்டால் ஒரே மாதிரி கெடும். நேரம் மாற்றி மாற்றிக் கெடுப்பது மனுஷ வேலைதான் என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து மேசையில் இருந்தவன்தான் அந்தப் பக்கங்களை எழுதுகிறவன். பள்ளிபாளையத்துக்காரன், வேலைக்குப் புதுசு. நான் திரும்பினால் திரையை மாற்றுவான். புதன்கிழமை மதியம், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி பக்கத்துக்கு அடியில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான்: ‘தயார்’. எதற்குத் தயார்? என்னைக் கவிழ்க்கத்தான்! யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்றப் பதிவில் அவன் பெயரையும் நேரத்தையும் மட்டும் படமெடுத்து ஓனரிடம் காட்டினேன்.

“கூடவே உக்காந்து குழி பறிக்கறானுங்க.”

“அப்ப அவன வெள்ளிக்கெழமையோட நிறுத்திரலாம்மா” என்றார்.

வெள்ளி பன்னிரண்டு மணி. முன்னறையில் லாரி புரோக்கர் ஒருவர் போனில் சொன்னார்: “ராகு காலம் போயிருச்சுங்க, இப்ப லோடு போட்டுருங்க.” அதே நேரம் என் திரை சிவந்தது. அடக் கடவுளே! சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். திங்கள் ஒன்பது, செவ்வாய் நாலரை, புதன் ஒன்றரை. ராகு காலம் முடிகிற நேரங்கள். அது முடிந்த கையோடு ஊர்ப்பட்ட புரோக்கர்களும் ஒன்றாகத் தளத்தைத் திறக்க, லாரிப் பட்டியல் வந்து சேர ஏழெட்டு விநாடி ஆகிறது. என் டெஸ்டோ மூன்றாவது விநாடியிலேயே வெறும் பக்கத்தைப் பார்த்து, லாரி இல்லை என்று அலறுகிறது.

மாற்றப் பதிவை மறுபடி திறந்து, பெயருக்குக் கீழே அவன் எழுதியிருந்த குறிப்பை அப்போதுதான் படித்தேன். “அக்கா, லிஸ்ட் முழுசா வந்தப்பறந்தான் ‘தயார்’னு வரும். டெஸ்ட்ட அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஓனர் அறைக்கு ஓடினேன். “தப்பு என்னுதுங்க. அவன அனுப்பாதீங்க.” அவர் என்னை முறைத்துவிட்டு, அவனிடம் போக வேண்டாமென்று சொல்லச் சொன்னார்.

அவன் பையைத் தோளில் மாட்டியிருந்தான். சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதோடு விட்டேனா? “ஏப்பா, இத வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“நாஞ் சொன்னா நம்பமாட்டீங்கன்னுதானுங்க்கா எழுதி வெச்சேன்.”