என் அப்பா அவள் அப்பாவான கதை

துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பாடகி இருந்தாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழும் ஆங்கிலமும் கலந்து அவள் பாடிய பாப் ஆல்பங்கள் இரண்டு வெளிவந்து, எஃப்.எம்.மில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு வயது என் மகளுக்கு அவள்தான் தெய்வம். லிஃப்டில் அவளோடு ஏறிவிட்டால் அன்று முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. பாடகி என்ற பவிசு கிடையாது. கறிவேப்பிலை தீர்ந்துபோனால் கதவைத் தட்டி, "அக்கா, ரெண்டு கொத்து குடுங்க" என்பாள். வெளியூரில் வாழ்பவர்களை வீழ்த்த வேறெதுவும் வேண்டாம், அக்கா என்று ஒரு வார்த்தை போதும்.

மூன்றாவது ஆல்பத்துக்கு அவள் பாப்பை விட்டுவிட்டாள். பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளைத் தன் குரலில் பாடிப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னாள். மாடு மேய்ப்பவன், லாரி ஓட்டுபவன், ஜெயிலில் கிடப்பவன், பெண்டாட்டி விட்டுப்போனவன் எல்லாரும் கிடாரைத் தூக்கிக்கொண்டு புலம்புவார்களே, அந்தப் பாட்டுகள். "ஹோட்டல் ஷோவுக்கு வர்றது முக்காவாசி வெள்ளைக்காரங்கதான்க்கா. நம்ம பொண்ணு ஒருத்தி இதப் பாடினா வித்தியாசமா இருக்கும்ல?" என்றாள். கட்டடத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். தொப்பி வாங்கியாயிற்று, குதிரையை எங்கே கட்டப்போகிறாய் என்று என் கணவர்கூடக் கேட்டார்.

ஒருநாள் சாயங்காலம் என் சமையலறையில் நின்று காப்பி குடித்துக்கொண்டே அதில் ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அடுத்த அடி நினைவுக்கு வராமல் நிறுத்தினாள். நான் தோசையைத் திருப்பிக்கொண்டே அந்த அடியைப் பாடி முடித்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்குத் திகைப்பு. அதுவரை கணவரைத் தவிர யாரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன்.

என் அப்பா சவுதியில், தம்மாமில் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை செய்த கான்ட்ராக்டரிடம் ஸ்டோர்கீப்பராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அவருக்குக் கடிதம் எழுதப் பொறுமை இல்லை. அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்த நிறையப் பேரைப்போல அவரும் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அவர் பேச்சின் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுப்போம். அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துத்தான் நாங்கள் பேசினோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் பேசி அனுப்பியதெல்லாம் புதுக் கேசட் அல்ல. வேலையில் அவருக்கு மேலே இருந்த அமெரிக்கன் ஊருக்குப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாட்டுக் கேசட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். பாட்டின் மேல் யாரும் பதிந்துவிடாதபடி விளிம்பில் விட்டிருக்கும் இரண்டு குழிகளையும் காகிதம் திணித்து அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அப்பா அவற்றில் பேசுவார். கால் மணி நேரத்துக்கு மேல் பேச அவரிடம் விஷயம் இருக்காது. "சரி, வச்சிடறேன்" என்று போனில் சொல்வதுபோல் சொல்வார். டொக்கென்று ஒரு சத்தம். உடனே நட்டநடு வரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் பாட ஆரம்பிப்பான்.

அதை நிறுத்த முடியாது. ஏனென்றால் பாதிப் பாட்டில் திடீரென்று அப்பா மறுபடி வருவார். "ஆங், சொல்ல மறந்துட்டேன். கொல்லைக் குழாய் சொட்டுதுன்னியே, வாஷர மாத்தச் சொல்லு." மறுபடி டொக். மறுபடி பாட்டு. ரூமில் உட்கார்ந்து அவரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்து, ஏதாவது நினைவு வந்தால் பட்டனை அழுத்தியிருக்கிறார். அதனால் அம்மா கடைசிவரை ஓடவிடுவாள். குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லும் அப்பாவுக்காகக் காத்திருந்து காத்திருந்துதான் எனக்கு அத்தனை பாட்டும் மனப்பாடமானது. அர்த்தம் ஒன்றும் தெரியாது. எல்லாமே அப்பா பாட்டு, அவ்வளவுதான்.

அப்பா ஊருக்கே திரும்பி வந்து சில வருடங்களிலேயே இறந்துபோனார். அவர் குரலோடு மிஞ்சியது ஒரே ஒரு கேசட். அதற்கு நாங்கள் பதில் பேசி அனுப்புவதற்குள் அவரே வந்துவிட்டதால் தப்பித்தது. மகள் கையில் கிடைத்தால் நாடாவை உருவிவிடுவாள் என்று பயந்து, அவளுக்குக் காட்டாமல் அலமாரியின் மேல்தட்டில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். யாருமில்லாதபோது எப்போதாவது எடுத்துக் கேட்பேன்.

கதையைக் கேட்டுவிட்டு அவள் அழுதாள். நிஜமான அழுகைதான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. "அக்கா, இந்த ஆல்பம் உங்கப்பாவுக்குத்தான்க்கா. ரிலீஸ் அன்னிக்கு ஸ்டேஜ்ல சொல்லுவேன்" என்றாள்.

பிறகு வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு; உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க எனக்கு அருகதையில்லை. ஆனால் அவள் பாடினால் ஒவ்வொரு வரிக்கும் ஜரிகை வைத்துத் தைத்துவிடுவாள். வேண்டாம், டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாடுகிறவன் எப்படிப் பாடுவானோ அப்படிப் பாடு என்று சொல்வேன். பாடிக் காட்டுவேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். குக்கர் கத்திக்கொண்டிருக்கும், நான் பாடிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

கேசட் நைந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவில் அதைச் சுத்தம் செய்து சிடியில் போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனாள். சொன்னபடியே கேசட்டையும் சிடியையும் கொண்டுவந்து கொடுத்தாள். இரைச்சல் போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

அந்தச் சமயம் அம்மா விசிட் விசாவில் வந்திருந்தாள். அப்பா பெயரை மேடையில் சொல்லப்போகிறார்கள் என்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டு வருடம் அந்த மனுஷன் பாலைவனத்தில் கிடந்ததற்கு ஒரு மரியாதை, ஒரு கைதட்டல் இதுவரை கிடைத்ததில்லை. ஊரில் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். பட்டுப் புடவையை நான் இஸ்திரி போட்டது சரியில்லை என்று மறுபடி அவளே போட்டாள்.

விழா ஒரு பெரிய ஹோட்டல் ஹாலில். மகளுக்கு ஜுரம் என்பதால் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் போனோம். மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். பாடகி தொப்பியும் பூட்ஸுமாக வந்தாள். நன்றாகவே பாடினாள். நான் சொல்லிக்கொடுத்த இடங்களிலெல்லாம் ஜரிகை இல்லாமல் பாடினாள். நான் என் கணவரை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். சின்ன வயதில் தன் அப்பா தம்மாமில் வேலை பார்த்தாராம். கேசட்டில் பேசி அனுப்புவாராம். பேச்சு முடிந்ததும் பாட்டு வருமாம். அப்பா மறுபடி பேசுவாரா என்று அவளும் அவள் அம்மாவும் கடைசிவரை கேட்பார்களாம். குழாயும் வந்தது, வாஷரும் வந்தது. ஹாலில் சிரித்தார்கள்.  வார்த்தைக்கு வார்த்தை என் சமையலறையில் நான் சொன்னது.

விளக்கை அணைத்தார்கள். இருட்டில் என் அப்பா பேசினார். "பாப்பா, நல்லா படிக்கிறியா? அம்மா சொல்றதக் கேளு. எனக்கு இங்க ஒரு குறையுமில்ல. ரூம்ல ஏசியெல்லாம் இருக்கு. எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோங்க" என்றாள் அம்மா.

சத்தமாகவே சொன்னாள். வீட்டில் கேசட் கேட்கும்போது எப்போதும் அப்படித்தான் பதில் சொல்வாள். முன் வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் கிடார் ஆரம்பித்துவிட்டது. ஹால் முழுக்க எழுந்து நின்று தட்டியது. ஆங்கிலம் தெரியாத அம்மாவும் தட்டினாள், முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாக. "பாத்தியாடி, உங்கப்பாவுக்கு எத்தனை பேர் எந்திரிச்சு நிக்கறாங்க!"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவள் நெய்யை மட்டும் எடுக்கவில்லை, ஊரானையே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் போய் அவளைப் பிடித்தேன். "அது எங்கப்பா" என்றேன். அவள் பதறவில்லை. "அக்கா, ப்ளீஸ், இங்க வேணாம். ஆல்பத்துக்கு ஒரு ஸ்டோரி வேணும்னு புரொடியூசர் சொன்னார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட அப்பான்னு சொன்னா யாருக்குக்கா மனசுல ஒட்டும்? அவர் பாப்பான்னுதானே கூப்பிடறார், பேர் சொல்லலியே. உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? எவ்ளோ பேர் அவர் குரலைக் கேட்டாங்க பாருங்க!" என்றாள். அவள் மனசுக்குள் நான் ஆன்ட்டியாகத்தான் இருந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

திரும்பி வந்தால் அம்மா இடத்தில் இல்லை. முன் வரிசைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அங்கே பாடகியின் நிஜ அப்பா கோட்டும் சூட்டுமாக நின்றிருந்தார். துபாயில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். தம்மாம் பக்கம் தலைவைத்துப் படுத்திராதவர். ஆட்கள் வரிசையாக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் தமிழில், "சார், உங்க குரலக் கேட்டு எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்று கண்ணைத் துடைத்தார். அவர் மறுக்கவில்லை. அடக்கமாகத் தலையை ஆட்டினார். அம்மா அதைக் கேட்டுவிட்டாள்.

"இந்த ஆளு யாருடி? இவர் குரல்னு ஏன் சொல்றாங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். "ஐயா, உங்க குரல்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க, 'பாப்பா, நல்லா படிக்கிறியா'ன்னு ஒரு தடவ சொல்லுங்க. நான் கேக்கறேன்."

 அவர் அம்மாவைப் பார்க்காமல் தலைக்கு மேலே எதையோ தேடினார். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஒரு நொடி, இப்போது உண்மை வெளியே வந்துவிடும் என்று நான் நம்பினேன். பாடகி எங்கிருந்தோ ஓடிவந்து, அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டு, விழாவுக்கு வந்திருந்த ரேடியோக்காரர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: இவர் என் ரசிகை, பாவம், கணவரை இழந்தவர், என் அப்பாவின் குரல் இவரை இப்படி உருக்கிவிட்டது. ஒருவர் அதைப் படமே எடுத்தார். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அம்மா என்னிடம் கேட்டாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

காரில் என் கணவர், "ஹலாஸ், விடு. எங்க போய்ச் சொல்லுவ? நம்ம வார்த்தையா, அவ வார்த்தையா?" என்றார். அவர் சொன்னது நியாயம் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் காதில் விழுந்தால் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும், கட்டடத்தில் சண்டை வரும் என்று வீட்டில் அதைப் பேசுவதில்லை என முடிவு செய்தோம். அம்மா விசா முடியும்வரைகூட இருக்கவில்லை. பாடகி ஜுமைராவில் வில்லா பார்த்துக்கொண்டு போனாள். எஃப்.எம்.மில் அந்தக் கதையை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என் அப்பாவுக்குப் புதிதாக ஏதாவது ஒரு நற்குணம் சேர்ந்தது.

சில மாதம் கழித்து, வகுப்பில் தாத்தா பாட்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று மகள் வந்து நின்றாள். இனி எதற்கு மறைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தம்மாமையும் அட்டைப்பெட்டியையும் பிளாஸ்திரியையும் பற்றி முழுக்கச் சொன்னேன். கேசட்டை எடுத்துப் போட்டேன். "பாப்பா, நல்லா படிக்கிறியா?" என்றார் அப்பா. மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பிறகு சங்கடமாக என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது அந்த ஆன்ட்டியோட டாடி. என் ஃப்ரெண்ட் வீட்ல சிடி இருக்கு, நான் கேட்டிருக்கேன். நீ ஏன் தாத்தான்னு சொல்ற?"

"தாத்தாதாண்டி. அவதான் நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டா."

 அவள், பெரியவர்கள் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது குழந்தைகள் காட்டுகிற பரிவோடு, என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இட்ஸ் ஓகே மம்மி. மிஸ்ஸுக்கு அந்தப் பாட்டு தெரியும், கண்டுபிடிச்சிடுவாங்க. நான் வேற தாத்தா பத்திப் பேசறேன்."

மறுநாள் என் மாமனாரைப் பற்றிப் பேசி, கையில் ஸ்டார் ஒட்டிக்கொண்டு வந்தாள்.