‘மீறி’ என்ற சொல்லைத் திருத்தியவர்

ஆக்னஸின் தம்பி அந்தோணி சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது கையில் ஒரு புகைப்படமும் நான்காக மடித்த தாளும் இருந்தன. அவர் கோட்டுச்சேரியில் பள்ளி ஆசிரியர். பள்ளி விழாச் செய்தியாக இருக்கும் என்று நினைத்து, உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

“அக்கா நேத்து காலையில தவறிட்டாங்க சார். மெட்ராஸ்லேருந்து கொண்டாந்துகிட்டு இருக்காங்க. நாளைக்குப் பேப்பர்ல வரணும். பேருக்குப் பின்னாடி என்னென்ன போடணுமோ நீங்களே போட்டுருங்க. எனக்கு அதெல்லாம் சரியாத் தெரியாது.”

காரைக்காலிலிருந்து நாளிதழ் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகச் செய்தி அனுப்பி வருகிறேன். மரண அறிவிப்பு எழுதுவது எனக்கு ஐந்து நிமிட வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆனது. முனைவர் ஆக்னஸ் சவரிமுத்து, பல்கலைக்கழகத்தில் இதழியல் துறைப் பேராசிரியை, வயது நாற்பத்தாறு. எல்லாம் சரிதான். ஆனால் அவரோடு பழகிய எனக்கு அது போதாது. அறிவிப்பில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு புயல் கடந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. தையற்கடைக்கு மேலே இருந்த என் அறைக்கு மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெண் படியேறி வந்தார். ஊர் இதே காரைக்கால்தான், மாதாகோயில் தெருவில் வீடு, சென்னையில் ஆய்வு செய்கிறேன் என்றார். புயல் எச்சரிக்கை வானொலியிலும் பத்திரிகையிலும் வரும்போது மீனவர்கள் அதை என்னவென்று புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பைக்குள்ளிருந்து ஒரு செய்தி நறுக்கை எடுத்து மேசையில் வைத்தார். நான் எழுதியது, நான்கே வரி. ‘புயல் எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்ற மீனவர் மாயம்’ என்று தலைப்பு. காரைக்கால்மேடு கலியமூர்த்தியைப் பற்றியது.

“மீறின்னு யாரு சொன்னாங்க?”

“மீன்துறை ஆபீஸ்ல சொன்னாங்க.”

“அவங்க வீட்டுல கேட்டீங்களா?”

கேட்கவில்லை. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்த நாள் அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “புயல் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு சாவகாசமா வந்து கேக்குறீங்க. எனக்கு நாலு மணிக்குள்ள செய்தி போயாவணும். உங்க ஆய்வுக்கு அந்த அவசரம் இருக்கா?”

“இல்லைங்க. அந்த நாலு மணி விஷயம் எனக்குத் தெரியாது. அதையும் எழுதிக்கலாமா?” என்று நோட்டைத் திறந்தார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே எழுதினார்.

மறுவாரம் இருவரும் கலியமூர்த்தியின் மனைவி அஞ்சம்மாளைப் பார்க்கப் போனோம். ஆக்னஸ் அச்சடித்த படிவம் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். ‘முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்’ என்று அவர் வாசித்துக்கொண்டே போக, அஞ்சம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எது சரின்னு உனக்குப் படுதோ அதுல கோடு போட்டுக்க தாயீ. எனக்கு மீன் காயப்போடணும்.”

ஆக்னஸ் விழித்தார். நான் குறுக்கே புகுந்து, “அன்னைக்கு என்ன நடந்துச்சு, அதச் சொல்லுங்க” என்றேன். நிருபனுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். அஞ்சம்மாள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

“ரேடியோவுல சொன்னத அவரும்தான் கேட்டாரு. நானும் கேட்டேன். மீனவருங்க ஆழ்கடலுக்குப் போவ வேண்டாம்னாங்க. அது மோட்டார் வச்ச லாஞ்சுக்காரங்களுக்குச் சொல்றதுன்னாரு. கட்டுமரம் எங்க ஆழ்கடலுக்குப் போவுது? கரை கண்ணுல பட்டுகிட்டே இருக்குமே. அவரு சொல் பேச்சு கேட்டுட்டுத்தான் போனாரு. பேப்பர்ல மீறிப் போனாருன்னு போட்டுட்டாங்களாம். மீன் ஏலத்துல எல்லாரும் அதயே சொல்றாங்க.”

எழுதியவன் எதிரில் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. ஆக்னஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன். நானே சொன்னேன். அஞ்சம்மாள் என்னைப் பார்த்து, “நீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் ஆக்னஸ் சொன்னார்: “இத்தனை நாளா படிவத்த வச்சுகிட்டு வீடு வீடா ஏறி எறங்கிட்டேன் சார். ‘ஆழ்கடல்’ங்கிற ஒரு சொல்லு என் கையில சிக்கல. நீங்க ஒரே கேள்வியில வாங்கிட்டீங்க.” நான் சொன்னேன்: “நீங்க இழுத்துகிட்டு வரலேன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.” அன்றிலிருந்து படிவத்தை எடுப்பதற்கு முன்னால் ஆளைப் பேசவிடுவது அவருக்கு வழக்கமாயிற்று. திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன்; இவ்வளவு தாமதமாக வந்தால் திருத்தம் கிடையாது என்றார்கள் நாளிதழின் தலைமை அலுவலகத்தில். மூன்று மாதத்துப் பழைய செய்தி, யார் நினைவில் இருக்கும் என்று கேட்டார்கள். அஞ்சம்மாளுக்கு நினைவிருக்கிறது என்று நான் சொல்லவில்லை; சொல்லத் தைரியம் வரவில்லை. ஆக்னஸ்தான் வழி கண்டுபிடித்தார். எச்சரிக்கையின் மொழியைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை அவர் பன்னிரண்டு பக்கமாக்குவார், நான் மறுபடி சுருக்குவேன். அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு வாக்கியம்கூட அவரால் எழுத முடியாது. “இத யாரு படிப்பாங்க?” என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். “என் ஆய்வேட்டையா? மூணு பேரு. மூணு பேருமே தேர்வாளருங்க” என்று சிரித்தார். பிறகு முகம் மாறி, அவரே கட்டுரையில் நான்கு பக்கங்களை அடித்து நீக்கிவிட்டார்.

கட்டுரை எங்கள் நாளிதழிலேயே வெளிவந்தது. ‘கலியமூர்த்தி எச்சரிக்கையை மீறவில்லை. அவ்வாறு எழுதியது இந்த நிருபரின் தவறு’ என்ற வரியும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அஞ்சம்மாளிடம் போனோம். ஆக்னஸ் வாசித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அஞ்சம்மாள், “இத ஏலத்துல இருக்கறவங்கள்லாம் படிச்சிருப்பாங்களா?” என்றார்.

மறுநாள் விடிகாலை ஆக்னஸ் என்னை ஏலக்கரைக்கு அழைத்துப் போனார். மீன் கூடைகளுக்கு நடுவே, ஈர மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏலம் கூறுபவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். மெல்லிய குரல் அவருக்கு, கடல் இரைச்சலில் எடுபடவில்லை. யாரோ “சத்தமாப் படிங்கம்மா” என்றார்கள். முதலிலிருந்து தொடங்கினார். என் தவறு பற்றிய வரி வந்தபோது எனக்கு எங்காவது ஓடிவிடத் தோன்றியது. நின்றேன். படித்து முடித்ததும் ஒரு பெரியவர், “கலியன் அப்புடிப்பட்ட ஆளு இல்ல, எனக்குத் தெரியும்” என்றார். அதன் பிறகு ஏலம் தொடர்ந்தது. அஞ்சம்மாள் தன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்து போனதைப் பார்த்தேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் ஆக்னஸ் ஒப்பமாட்டார். எச்சரிக்கையின் வாசகத்தை மாற்றச் சொல்லி இருவரும் ஒரு அதிகாரியைப் பார்த்தோம். அது மேலிருந்து வருவது, தன் கையில் இல்லை என்றார். அதனால் என் செய்திகளில் நானே ஒரு வரி சேர்த்தேன்: ‘கட்டுமரமானாலும் கரையை விட்டு இறங்க வேண்டாம்.’ அடுத்த ஆண்டு எச்சரிக்கை வந்தபோது காரைக்கால்மேட்டில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. புயலும் வரவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் அடுப்பு எரியாதவர்கள் என்னை வழிமறித்துத் திட்டினார்கள். சென்னையிலிருந்த ஆக்னஸுக்கு எழுதிப் புலம்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ‘அவர்கள் திட்டியதையும் செய்தியாக அனுப்புங்கள்; நானும் ஆய்வில் சேர்க்கிறேன்.’

எண்பதுகளில் அவர் பேராசிரியை ஆனபின் ஆண்டுதோறும் மாணவர்களை இங்கே கூட்டிவருவார். ஒருமுறை என்னைத் தன் துறைக்கு அழைத்துப் பேசச் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர்கள் முன் எஸ்.எஸ்.எல்.சி.காரன் என்ன பேசுவது? அவர் அறிமுக உரையாகச் சொன்னது இவ்வளவுதான்: “பத்திரிகைக்காரர்கள் ஆய்வைப் படிப்பதில்லை. நாம் பத்திரிகைக்காரர்களைப் பார்ப்பதில்லை. இரண்டு தரப்பும் ஒரே ஜனங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.” கலியமூர்த்தி விஷயத்தை அவர் குறிப்பிடவே இல்லை. நான்தான் சொன்னேன். முதல் வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர், ஒரு பெண்ணின் வாக்குமூலம் ஆதாரமாகாது என்றார். ஆக்னஸ் எழுந்து, “ஆதாரம் ஆகாதுதான் சார். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டியது அதுதான்” என்று சொல்லி அமர்ந்தார். அவரிடம் கோபம் கண்ட ஒரே இடம் அது.

இந்த அஞ்சலியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மாதாகோயில் தெருவுக்குப் போய் அவருடைய தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஆய்வுக்காகவே வாழ்ந்தார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். “அப்பிடி எழுதாதீங்க தம்பி. எம்பொண்ணு நல்லா சாப்புடுவா. வந்தா மூணு நாளும் நண்டுதான் கேப்பா. தெருவுல யாரு வீட்டுல விசேஷம்னாலும் மொத ஆளா நிப்பா. அதுக்காகவே வாழ்ந்தான்னு போட்டா அவளுக்கு வேற ஒண்ணுமே இல்லாத மாதிரில்ல இருக்கு.” அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஆக்னஸிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம். யாரைப் பற்றி எழுதினேனோ அவர் வீட்டுப் படியேறி, எழுதியதை அவர் காதில் போடுவது. சிலர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சிலர் காப்பி கொடுத்திருக்கிறார்கள். தவறு என்று சொன்னவர்களே அதிகம். ஒவ்வொரு முறையும் வாசலில் என் கால் தயங்குகிறது, ஆனாலும் போகிறேன்.