நான் தேர்ந்தெடுத்த பெரிய பம்ப்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் புது எலெக்ட்ரிக் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தின் வாசலில் நிறுத்தினாள். தண்ணீர் லாரிக்கு வழிவிடச் சொல்லி வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டிருக்க, அக்கம்பக்கத்தார் எல்லோரும் சீட்டைத் தடவிப் பார்த்தார்கள். நான் மட்டும் டேஷ்போர்டில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா தேடறீங்க?”

“ஆயில் லைட்டும்மா. சிவப்பா, சின்னதா இருக்குமே.”

“இதுல ஆயிலே கிடையாதுப்பா.”

ஆயிலே கிடையாதாம். ஒரு ஆயில் பம்ப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் சண்டை போட்டவனிடம் சொல்கிற பேச்சா இது? கார் பூஜைக்கு வைத்திருந்த கற்பூரத்தை ஏற்றினேன். புது பிளாஸ்டிக் வாசனையோடு அது ஒட்டவே இல்லை. கற்பூரத்தோடு கருகிய எண்ணெயும் கலந்திருந்தால்தான் எனக்கு அது பூஜை வாசனை. கீழ்க்கட்டளையில் ஒரு தகர ஷெட்டில் பழகிய மூக்கு இது.

அந்த ஷெட்டில் நாங்கள் மூன்று பேர். சுந்தர், ஓட்டுகிறவன். முடிச்சூரில் அவன் குடும்பம் பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டிருந்தன. மனை விற்பனையை அவன் அப்பா பார்த்துக்கொள்ள, சுந்தர் ஒரு பழைய சின்னக் காரைப் பந்தயக் கார் ஆக்குகிறேன் என்று கிளம்பியிருந்தான். ஜெயந்தி, எஞ்சின் பிரிக்கிறவள். கோவளத்தில் மீன்பிடிக் குடும்பம். அண்ணன்களின் படகு டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவள், எங்கள் வயதுதான். மூன்றாவது நான். பகலில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன், மாலையில் தொழில்நுட்ப ஆலோசகன். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது நானேதான். தாம்பரம் நடைபாதையில் வாங்கிய வெளிநாட்டுக் கார் பத்திரிகைகள் முப்பது நாற்பது என்னிடம் இருந்தன. ஸ்பேனர் பிடித்த அனுபவம்தான் இல்லை.

ஆயில் பம்ப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தொட்டிக்கு சம்ப் என்று பெயர். அதில் கிடக்கும் எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புவதுதான் பம்ப்பின் வேலை. ஓடும் வேகத்தில் அது கொஞ்சம் அசந்தாலும் பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடும். எங்களுக்கு அப்படி ஏற்கெனவே இரண்டு எஞ்சின்கள் போயிருந்தன. இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில், ஒரே நீண்ட வளைவில். இரண்டாவது எஞ்சின் போன அன்று சுந்தரின் அப்பா ஷெட்டுக்கு வந்தார். ஷெட் அவருடையது. கத்தவெல்லாம் இல்லை.

“இன்னொரு எஞ்சின் போச்சுன்னா ஷெட்டப் பூட்டிட்டு என்கூட மனை காட்ட வந்துடணும். அவ்ளோதான்.”

சுந்தருக்கு மனை காட்டுவதில் எவ்வளவு ஆர்வம் என்றால், ஒருமுறை வாங்க வந்தவரிடம் மழைக்காலத்தில் இங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று உண்மையைச் சொல்லி அனுப்பியவன். ஆகவே மூன்றாவது எஞ்சின் பந்தயத்தை முடித்தே ஆகவேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம், ஓடி முடித்தால் போதும்.

நான் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். பம்ப் சின்னது. அதுதான் நோய். அதே எஞ்சினில் பொருந்துகிற, இரண்டு மடங்கு எண்ணெய் தள்ளும் பெரிய பம்ப் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். கையில் எடுத்தால் அப்படி ஒரு கனம், அப்படி ஒரு பளபளப்பு.

ஜெயந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா சார், சம்ப்புல கீறது நாலு லிட்டரு. இது உறிஞ்சற வேகத்துக்கு அத்தினியும் மேல போயி குந்திக்கும். அது கீழ எறங்கி வர வரைக்கும் பம்ப்பு காத்ததான் குடிக்கும். இப்பவே வளைவுல ஆயிலு ஒரு ஓரமா ஒதுங்கிடுது, அதான் பேஜாரு. எங்க பக்கத்து வூட்டுல பெரிய மோட்டாரு போட்டான், தொட்டி காலியாயி மோட்டாரு எரிஞ்சிது.”

“அது தண்ணி ஜெயந்தி. இது ஆயில்” என்றேன், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் போல.

மூன்று வாரம் இழுத்தது. அவள் கேட்டது பழைய பம்ப்பையே சரிபண்ணிப் போடுவதும், எண்ணெய் ஓரம் ஒதுங்காமல் சம்ப்புக்குள் ஒரு தடுப்புத் தகடு வைப்பதும்தான். கடைசியில் சுந்தர், “மச்சான் படிச்சவன், அவன் சொல்றதப் போடலாம்” என்றான். தகட்டை மட்டும் அவள் திருப்திக்காக வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தேன்.

எஞ்சினை மூடுகிற நாள் வெள்ளிக்கிழமை, கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். இவ்வளவு சிறப்பான பம்ப்பை அதற்கு ஒரு பூஜை போடாமலா உள்ளே வைப்பது? சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, கதம்பம் வாங்கத் தாம்பரம் மார்க்கெட் போனேன். திரும்பி வருவதற்குள் ஜெயந்தி எஞ்சினை மூடி, கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ராகுகாலம் வந்துகினு இருந்திச்சி, அதான் மூடிட்டேன்” என்றாள். சாஸ்திரம் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

“பழைய பம்ப் எங்க?”

“பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

வாங்கிவந்த பூவை வீணாக்க வேண்டாமே என்று ஷெட்டின் சாமி அலமாரிக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது, தேங்காய் அளவில்.

“எங்க ஊரு அம்மனுக்கு வேண்டிகினு கட்டி வெச்சிருக்கேன். யாரும் தொடாதீங்க.”

வேண்டுதல் தேங்காயை யார் தொடப்போகிறார்கள்? கதம்பத்தை அதற்கே சூட்டினேன். பந்தயம் வரைக்கும் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குக் கற்பூரம் காட்டி, “அம்மா, என் பம்ப் கைவிட்டுடக்கூடாது” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஜெயந்தி பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கும். பக்தியில் உருகுகிறாள் என்று நினைத்தேன்.

பந்தயத்தில் சுந்தர் ஐந்தாவதாக வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு வரும்போது நான் அம்மனைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு சுற்றிலும் ஆயில் பிரஷர் முள் நாலு கிலோவுக்குக் கீழே இறங்கவே இல்லை என்று அவன் இறங்கி வந்து சொன்னபோது, வெட்கமில்லாமல் அழுதேன். அவன் அப்பா என் தோளைத் தட்டினார்.

“உன் பம்ப்புதான் தம்பி காப்பாத்துச்சி.”

ஷெட் தப்பித்தது. அதற்கப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆறு வருஷம் அந்த பம்ப்பைப் பற்றிப் பேசினேன். அலுவலகத்தில் பேசினேன், பல்லாவரம் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசினேன், சுந்தரின் கல்யாணப் பந்தியில் பாயசம் ஆறும்வரை பேசினேன். ஜெயந்தி இருந்தால், “ஆமா சார், உன் பம்ப்பு மாரி வருமா” என்று எடுத்துக்கொடுப்பாள்.

அப்புறம் ஷெட் இருந்த இடத்தில் அடுக்ககம் கட்டப்போவதாக முடிவானது. சாமான்களை ஒதுக்கினோம். சாமி அலமாரியை நான்தான் இறக்கினேன். மூட்டையை இரண்டு கையாலும் எடுத்தேன். ஒரு தேங்காய்க்கு இத்தனை கனமா என்று யோசிப்பதற்குள் அது நழுவித் தரையில் விழுந்தது. டங் என்று சத்தம். தேங்காய் அப்படி விழாது.

துணியை அவிழ்த்தேன். நான் வைத்த சந்தனம், நான் வைத்த குங்குமம். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் படாத என் பெரிய பம்ப்.

ஜெயந்தி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“நீ தெனம் அதுக்குத்தான் சூடம் காட்டிகினு இருந்த.”

“அப்போ எஞ்சின்ல?”

“பழசுதான். பம்ப்பு மூடிய, கண்ணாடி மேல எமரி பேப்பரு போட்டு, சமமா தேச்சேன். பிரஷரு ஸ்ப்ரிங்குக்கு அடில சின்னதா ஒரு வாஷரு வெச்சேன், முள்ளு நல்லா நிக்கும்னு. தகடு வேற இருந்திச்சா, அது பாட்டுக்கு ஓடிச்சி.”

“ஏன் ஜெயந்தி சொல்லல? ஆறு வருஷமா!”

“முன்ன சொன்னேன், நீ கேக்கல. அப்பால நீ எவ்ளோ சந்தோஷமா கீற, அத ஏன் கெடுக்கணும்?”

சுந்தர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. அன்று முகம் எரிந்தது உண்மை. இப்போது நினைத்தால், எனக்கு யாரும் செய்யாத மரியாதையை அவள் செய்திருக்கிறாள் என்று தோன்றுகிறது.

ஷெட் இருந்த இடம் இன்று அந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம். எங்கள் எஞ்சின் நின்ற மூலையில் சார்ஜ் போடும் பெட்டி இருக்கிறது. ஜெயந்தி கோவளத்தில் படகு எஞ்சின் பார்க்கிறாள், பொங்கலுக்குப் பேசுவோம், அவ்வளவுதான். நான் ஏதாவது தவறாகச் சொன்னால் இப்போது என் மகள் வாக்கியம் முடிவதற்குள் போனைப் பார்த்து, “தப்புப்பா” என்கிறாள். அவள் சொல்வது சரிதான், எப்போதும் சரிதான். என் தப்பை மஞ்சள் துணியில் சுற்றி, அதற்கு நானே பூ வைக்கும்படி பார்த்துக்கொள்கிற பொறுமை யாருக்கும் இல்லை. அது எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு பூஜை முடிந்து எல்லோரும் மேலே போனதும், அன்றைக்கே மறுபடி துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட அந்த மூட்டையை எங்கள் சாமி அலமாரியிலிருந்து எடுத்துவந்து புது காரின் டிக்கியில் ஒரு ஓரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமை மகள் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

“இது என்னப்பா?”

“உன் காருக்காக வேண்டிக்கிட்டதும்மா. தொடாதே.”

இதையும் போனில் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.