வளராத பட்டத்துக்கு விட்ட மடிப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், தைப்பொங்கலன்று பின்னேரம், எங்கள் வடமராட்சிக் கடற்கரையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வரும்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து தைக்கிறோம். ஊரார் கழித்துவிட்ட சேலை, சாரம், திரைச்சீலை எல்லாம் எங்களிடம் வரும். பையாகவும் தலையணை உறையாகவும் பிள்ளைகளின் சட்டையாகவும் திரும்பிப் போகும். எங்களில் பலருக்கு வீட்டில் மெசின் போடவே இடமில்லை. அந்த அறை போனால் எங்கள் தையலும் போய்விடும்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின மார்கழியில் நிலையத்தின் செயலாளர் அறையைக் கேட்டார். என்னைவிட இளையவர், ஊரில் பேர்போன பட்டக்காரர். ஆளுயரப் பட்டங்களைக் கட்டிவைக்க இடம் போதவில்லையாம். நிர்வாகமும் தலையை ஆட்டிவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"உங்கட பட்டத்துக்கு அறை வேணும், எங்கட தையலுக்கு வேண்டாமோ?" என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "அக்கா, உந்தப் பழந்துணியில ஒரு பட்டம் தைச்சு பொங்கல் போட்டியில ஏத்துங்கோ பாப்பம். ஏறினா அறை உங்களுக்குத்தான்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் விடவில்லை. "ஓம், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம். பிறகு சொல்லு மாறக்கூடாது" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், எங்களில் ஒருத்தியும் பட்டம் தைத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

துணிக்கு அலையவில்லை. மாரி மழைக்கு முறிந்த குடைகள் ஊர் முழுக்கக் கிடந்தன. குடைத்துணி பாரமில்லை, லேசில் காற்றும் புகாது. கம்பிகளைக் கழற்றி, கழுவி, கறுப்பும் சிவப்பும் பூப்போட்டதுமாகப் பொருத்தி எட்டு மூலைப் பட்டம் ஒன்று தைத்தோம். மூங்கில் சட்டத்தை எங்களில் ஒருத்தியின் கணவர் கட்டித் தந்தார். உச்சியில் விண்ணும் பூட்டினார். காற்றில் அதிர்ந்து கூவுகிற நார்தான் விண். அது கூவாவிட்டால் எங்கள் ஊரில் பட்டம் ஏறியதென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொங்கலன்று பட்டப்போட்டி பார்க்க வந்த சனத்தால் கடற்கரையில் நிற்க இடமில்லை. நல்ல வாடைக்காற்று. நாங்கள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக, "குடை பறக்கப் போகுதடா!" என்று ஒரே விசிலடி. முதல்தரம் விட்டோம். பனையுயரம்கூடப் போகவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்து, சுழன்று வந்து மணலில் குத்தியது. மறுபடியும் விட்டோம். மறுபடியும் அதே பக்கம்தான் சரிந்தது. நாளைக்கு மெசின்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் மனதில் ஓடியது.

பார்த்தால், செயலாளர் தன் பட்டக் கயிற்றைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு எங்களை நோக்கி வருகிறார். நக்கலடிக்கத்தான் வருகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ குந்தியிருந்து பட்டத்தின் விளிம்பைச் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னக்கா இது? இந்தப் பக்கம் மட்டும் நாலு விரல் மடிச்சுத் தைச்சிருக்கிறியள்! பட்டம் என்ன, வாற வருசம் வளருமோ?"

குனிந்து பார்த்தேன். ஐயோ கடவுளே! அது நான் தைத்த பக்கம். பள்ளிக்கூடச் சட்டைக்கு, பிள்ளை வளர்ந்தால் பிரித்து இறக்கலாமென்று கீழே மடிப்பு விட்டுத் தைப்போமல்லவா? கைப்பழக்கத்தில் பட்டத்துக்கும் அப்படியே விட்டிருக்கிறேன். மற்றப் பக்கம் பை தைக்கிறவள் தைத்தது. அவள் ஒரு நூல்கூட மிச்சம் விடவில்லை. ஒரு பக்கம் பாரம் கூடினால் பட்டம் சரியாமல் என்ன செய்யும்?

"சிரிச்சது காணும் தம்பி, வழியைச் சொல்லுங்கோ" என்றேன்.

"வெட்டுங்கோ."

கைப்பைக்குள் கத்தரிக்கோல் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. மணலிலேயே இருந்து தையலைப் பிரித்து, மடிப்பை வெட்டி எறிந்தேன். மற்றவர்கள் ஆளுக்கொரு ஊசியால் ஓரத்தைப் பிடித்தார்கள். கயிறு பட்டத்தோடு சேர்கிற முச்சையை அவரே அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இது ஏறினா உங்களுக்கு அறை இல்லையே, பிறகேன் உதவுறியள்?" என்று கேட்டேவிட்டேன்.

"அதுக்காக ஒரு பட்டம் குத்துறதைப் பாத்துக்கொண்டு நிக்கேலுமே அக்கா?" என்றார்.

மூன்றாம் தரம் அவர் தூக்கிவிட, நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பட்டம் ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு நேராக, விறுவிறென்று மேலே போனது! பனைகளைத் தாண்டி, கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போய் நின்று, "ங்ங்ங்" என்று கூவத் தொடங்கியது. "கூவுது! கூவுது!" என்று நாங்கள் போட்ட கூச்சல் கரை முழுக்கக் கேட்டிருக்கும். விசிலடித்தவர்களே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மணலில் குதித்தேன். வெட்கமாவது ஒன்றாவது!

முதற்பரிசு அவருடைய பட்டத்துக்குத்தான். ஆனால் பரிசு வாங்கிய கையோடு வந்து, எல்லாருக்கும் முன்னால் அறைப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். இப்போது மார்கழி வந்தால் அவருடைய பட்டங்கள் எங்கள் மெசின்களுக்கு மேலே, கூரையில் தொங்கும். நான்தான் கூப்பிட்டு அங்கே கட்டச் சொன்னேன்.

பிள்ளைகளின் சட்டைகளுக்கு இன்றும் தாராளமாக மடிப்பு விடுகிறேன். ஆனால் என் அறையைக் கேட்டு வந்த மனிதரே என் பட்டத்தை ஏற்றிவைத்த அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, எதிரே நிற்கிற எவரையும் முழு எதிரியாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.