பள்ளிகொண்டாவில் நனைந்த கரி

காலை ஏழு மணிக்கு ஆற்காட்டை விட்டோம். யுத்த காலம்; காரில் பெட்ரோல் இல்லை. பின்புறம் நான் பூட்டிய இரும்பு உருளையில் கரி எரிந்து, அந்த வாயுவில் எஞ்சின் ஓடியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் ஆம்பூர் வந்து சேர்ந்தால், தம் ஆறு லாரிகளுக்கும் இதையே பூட்டலாம் என்று அங்குள்ள தோல் மண்டிச் சாயபு எழுதியிருந்தார். பட்டணத்து வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவன் நான்.

ஒரு மூட்டைக் கரி இருபது மைல்தான் வரும். அதனால் வழியிலுள்ள கரிக்கடைகளுக்கு முன்கூட்டியே கடுதாசி போட்டிருந்தேன்: எலுமிச்சங்காய் அளவு உடைத்து, தூள் சலித்து வைக்கவும், மூட்டை எட்டணா. வேலூரில் குறையில்லாமல் ஏற்றிக்கொண்டோம்.

பத்து மணி, பள்ளிகொண்டா. மூட்டையைத் தூக்கிய டிரைவர் காதர் பாய், "சார், சொட்டுது!" என்றார்.

"இன்னாய்யா இது?" என்று கடைக்காரர் முனுசாமியிடம் கத்தினேன்.

"கரிக்குள்ள நெருப்பு ஒளிஞ்சிருக்கும் சாமி. நம்மது கூரைக் கொட்டாய். எப்பவும் தண்ணி தெளிச்சுதான் வைப்போம். மோட்டாருக்காச்சேன்னு ரெண்டு குடம் ஜாஸ்தியா ஊத்தினேன்."

அட கடவுளே! ஈரக்கரியில் ஏது வாயு? ஆத்திரத்தோடு கடுதாசி நகலை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த கரி என்று நான் எழுதவே இல்லை.

வெயிலில் பரப்பினோம். பதினொன்றாகியும் காயவில்லை. "பேஜார் ஆவாதீங்க சார்" என்று ஓடிய காதர் பாய், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லரிடமிருந்து இரண்டு கூடை காய்ந்த கரி வாங்கி வந்தார். உயிர் வந்தது.

பன்னிரண்டேகால், ஆம்பூர். தொப்பி அணிந்து வாசலில் நின்ற சாயபு, காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"வழியில கரி சரியா கெடைச்சுதா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஈரம் இன்னா பண்ணும்னு தோல்காரனுக்குத் தெரியாதா சார்? வண்டி நல்லாத்தான் இருக்குது. ஐப்பசி மழையில ஒரு தபா இதே ரோட்டுல ஓட்டிக்கினு வாங்க. அப்புறம் லாரியப் பத்திப் பேசலாம்."

திரும்பும் வழியில் பள்ளிகொண்டா வந்தபோது நான்கு மணி. முனுசாமி, "நல்லா காஞ்சிடுச்சி சாமி" என்று மூட்டையை ஆசையாகத் தூக்கி வந்தார். பட்டணத்தில் பெட்ரோல் மூடிய டின்னில் வருகிறது; அங்கே மழையைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது. இங்கே அண்ணாந்து பார்த்தேன். கொட்டகைக் கூரையில் நாலைந்து இடத்தில் வானம் தெரிந்தது.

"ஐப்பசிக்குள்ள கூரை வேஞ்சிடுவீங்களா?"

"எங்க சாமி? தை அறுப்பு ஆனாத்தான் வைக்கோலே கெடைக்கும்."