நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரு சந்தா

பழவேற்காடு கௌஸ் மைதீன் தன் ஐம்பத்தெட்டு வயதில் இருபத்தேழு வருடங்களைச் செய்தித்தாளுக்குக் கொடுத்தவர். காலையில் ஏஜென்ட்டாகப் பேப்பர் போடுவார். மதியத்துக்கு மேல் பகுதிநேர நிருபர். லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தெருவிளக்கு வந்ததும், ஏரியின் முகத்துவாரம் தூர்ந்தபோது அதிகாரிகள் படகேறி வந்து பார்த்ததும் அவர் எழுதிய நாலு வரிகளால்தான். கழுத்தில் தொங்கும் நிருபர் அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று மனைவி மரியம் பீவி சொல்வாள். அது தவறு. தூங்கும்போதும் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார்.

தை மாதத்தோடு பேப்பர் அச்சில் வருவது நின்றது. இனிமேல் போனில்தான், அதுவும் சந்தா கட்டினால்தான் என்றது அலுவலகம். நிருபர்களுக்கும் சலுகை கிடையாது. கௌஸ் மைதீன் எழுதிய செய்தியில் முதல் இரண்டு வரி மட்டும் அவர் போனில் தெரியும். அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். கீழே என்ன இருக்கிறதென்று எழுதியவருக்குத் தெரியாதா என்று அவரும் சந்தா கட்டவில்லை.

பிறகு அலுவலகத்திலிருந்து ராஜேந்திரன் கூப்பிட்டார்.

"பாய், மாசக் கடைசிக்குள்ள உங்க ஏரியாவுல இருபது சந்தா வரணும். வரலைன்னா கார்டைத் திருப்பிக் குடுத்துடணுமாம். மேலே சொல்றாங்க, நான் இன்னா பண்றது?"

பழவேற்காடு கடைத்தெருவில் ஒன்றுகூடத் தேறவில்லை. செய்திதான் வாட்ஸ்அப்பில் சும்மா வருகிறதே என்றார்கள். மிச்சம் இருந்தது லைட்ஹவுஸ் குப்பம். நாற்பத்திரண்டு வீடு. பாதி பேர் கட்டினால் போதும்.

குப்பத்தில் அவர் சந்தாவைப் பற்றி எல்லாம் சொன்னார். தன் அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு அது கையேந்துவது போல இருந்தது.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த செவ்வந்தி நிமிர்ந்தாள். "இத்தினி நாளு படிச்சுட்டு அதுலயே கருவாடு கட்டினோம். போன்ல எத்தக் கட்றது பாய்?"

"சும்மா கெட தாயி," என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் ஆதிகேசவன். "நமக்கு லைட்டு வாங்கிக் குடுத்தவரு வந்து கேக்குறாரு. ஊரே கட்டும்."

கௌஸ் மைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊர்ப் பணத்துல ஒரு வருசத்துக்கு ஒன்னு கட்டிடலாம்."

"ஒன்னா?"

"பின்ன? ஏரியையே பாடு வச்சுப் பிரிச்சுக்கிறோம். ஒரு பேப்பரைப் பிரிச்சுக்க மாட்டோமா?"

ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று பானையில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பதுதான் பாடு. அதே பானையில் அன்றைக்கே நாற்பத்திரண்டு சீட்டுப் போட்டார்கள். ஆதிகேசவன் மரியாதைக்கு நாற்பத்து மூன்றாவதாக ஒரு சீட்டில் 'பாய்' என்று எழுதிப் போட்டார். அதைப் பார்த்த பிறகு இருபது வேண்டும் என்று கேட்க கௌஸ் மைதீனுக்கு மனம் வரவில்லை. அவருக்கு முப்பத்தாறாம் நாள் விழுந்தது.

செய்தி ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் திறக்கும். பாடு முறைக்கு அது வசதியாகப் போயிற்று. தினமும் காலையில் பூட்டைத் திறக்கும் ஓ.டி.பி. எண் ஆதிகேசவன் போனுக்கு வரும். அவர் கரையில் நின்று, "நாலு... ஏழு... ஒன்னு... ஒம்போது!" என்று கத்துவார். அன்றைய முறைக்காரர் படகிலிருந்து, "மறுக்காச் சொல்லு நைனா!" என்பார்.

மாதக் கடைசியில் ராஜேந்திரன் கணக்குப் பார்த்தார். இருபதுக்கு ஒன்று. அட்டை தபாலில் திரும்பிப் போனது.

முப்பத்தாறாம் நாள் கௌஸ் மைதீன் குப்பத்துக்குப் போனார். ஆதிகேசவன் எண்ணைக் கத்தாமல் காதருகே வந்து சொன்னார். பூட்டு திறந்தது. பழவேற்காடு என்று தேடினார். ஒரு செய்தியும் இல்லை.

"இன்னா பாய், கழுத்து காலியா கீது?" என்றாள் செவ்வந்தி.

அப்போதுதான் சொன்னார். ஆதிகேசவன் வலையைக் கீழே வைத்தார்.

"இருபதா? இங்க நாப்பத்திரண்டு வூடு கீது. வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?"

"கேக்கத் தோணல."

"இப்பக் கட்டினா?"

"நானும் கேட்டுப் பார்த்துட்டேன். பழவேற்காட்டைப் பொன்னேரி ஆளோட சேர்த்துட்டாங்களாம்."

ஆதிகேசவன் மறுபடி வலையை எடுத்தார். பிறகு தன் நியாயமான சந்தேகத்தைக் கேட்டார். "இன்னும் பத்து மாசத்துக்கு மேல பணம் கட்டிக் கீதே. நம்மூரு சேதிய யாரு எழுதறது?"

கௌஸ் மைதீன் யோசித்துப் பார்த்தார். அவர்கள் கேட்பது சரிதான். பணம் கட்டியவர்கள்.

அன்று மாலையே முகத்துவாரம் மறுபடி தூர்ந்து படகுகள் தரைதட்டி நிற்பதை நாலு வரி எழுதி ராஜேந்திரனுக்கு அனுப்பினார். சும்மா வருவதை அலுவலகம் என்றைக்கும் திருப்பி அனுப்பியதில்லை. 'பொன்னேரி நிருபர்' என்ற பெயரில் போட்டார்கள்.

மறுநாள் செவ்வந்தியின் முறை. நம்மூரு சேதி வந்து கீது என்று போன் செய்து, எழுத்துக் கூட்டி, நாலு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். எட்டு நிமிடம் ஆயிற்று. கௌஸ் மைதீன் நின்றபடியே கடைசிவரை கேட்டார்.

"நல்லா எழுதிக் கீறாரு அந்தப் பொன்னேரி ஆளு," என்றாள். "நாளைக்கு முத்து வூட்டு மொறை. கருவாடு வெலையப் பத்தி எதுனா போடச் சொல்லு பாய்."